வெயிலில் மட்டும் வெடித்த பெட்டி

2023 ஒக்ரோபர் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மழை தொடங்கியிருக்க வேண்டிய காலம். ஆனால் யாழ்ப்பாணத்துக் குருநகருக்கு மேலே ஒரு முகில்கூட இல்லை. கடல் புதுத் தகரம்போலக் கண்ணைக் கூசவைத்தது. அந்த நேரத்தில், அங்கே ஒரு மீன்பிடிச் சங்கத்தின் ஐஸ் தொழிற்சாலையில், எங்கள் பட்டறை செய்து கொடுத்த இன்வேட்டர் பெட்டி இரண்டாம் முறையாக வெடித்தது. நானும் அங்கேதான் இருந்தேன். ஆனால் சாட்சி சொல்ல உதவாத இடத்தில் இருந்தேன்: தொழிற்சாலையின் பின்பக்கத்துக் கக்கூசில். அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதன் காலையில் எத்தனை தரம் போகவேண்டி வரும் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எண்ணி வைத்திருக்கிறேன், எழுதமாட்டேன்.

வெளியே ஓடி வந்தபோது பெட்டியின் கதவு ஒரு பிணைச்சலில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கருகிய பிசின் மணம். அதற்கு முன்னால் யூட் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். யூட்தான் அங்கே இயந்திரம் இயக்குபவன். பத்தொன்பது வருடமாக அதே வேலை. "அண்ணை, நான் தொடேல்லை," என்றான். ஐந்து கிழமைக்கு முன் முதல் தரம் வெடித்தபோதும் அவன் இதையேதான் சொன்னான். அப்போது ஒருவரும் நம்பவில்லை. அன்றைக்கு நானும் நம்பவில்லை.

இதை எழுதச் சொன்னவர்கள் இப்போது எங்கள் பட்டறையில் வேலை செய்யும் பிள்ளைகள். இப்போது வரும் சிப்புகளில் நான் வருடக்கணக்காக மல்லுக்கட்டிய காரியங்களெல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. திரையில் ஒரு கட்டத்தில் ஒரு எண்ணைப் போட்டால் போதும். அதில் ஒருத்தி என்னிடம், "அண்ணை, அந்த நாளிலை உதெல்லாம் நீங்கள் கையாலையோ எழுதினீங்கள்?" என்று கேட்டாள். நான் ஏதோ கல்வெட்டுச் செதுக்கியவன் என்ற மாதிரிக் கேட்டாள். ஆகவே எழுதுகிறேன். புத்திமதி ஒன்றும் இல்லை. புத்திமதி சொல்லும் ஓய்வூதியர்கள் எங்கள் சந்தியில் மட்டும் நாலு பேர் இருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் தேவையில்லை.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வட்டுக்கோட்டையில் பள்ளிக்கூடம், பிறகு மின்னியலில் ஒரு டிப்ளோமா, பிறகு கொழும்பில் ஒரு கொம்பனி. முப்பத்தொரு வருடம் அதே கொம்பனி. முதல் நாலு வருடமும் மின்மாற்றிக்குச் செம்புக்கம்பி சுற்றும்போது சுற்று எண்ணுவதுதான் என் வேலை. எண்ணும் வியாதி எனக்கு அங்கேதான் பிடித்தது என்று மனைவி சொல்கிறாள். அந்த வேலையில் சேர முன்பே நடந்த எங்கள் கல்யாணத்தில், தாலி கட்டும்போதே முடிச்சை வாய்விட்டு எண்ணினேன் என்றும் அவளே சொல்கிறாள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

நாங்கள் செய்த பெட்டிகள் என்ன செய்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டருக்கு வேண்டியது அலைபோல ஏறி இறங்கும் மின்சாரம். எங்கள் கையில் இருப்பதோ போடவும் நிறுத்தவும் மட்டும் தெரிந்த ஆளிகள். அந்த ஆளியைச் செக்கனுக்கு எட்டாயிரம் தரம் போட்டு நிறுத்தவேண்டும். கூட வேண்டிய இடத்தில் கூட நேரம் போட்டு வைக்கவேண்டும், குறைய வேண்டிய இடத்தில் குறைந்த நேரம். மோட்டர் பெரிய உருவம் என்றாலும் மந்தமான பிறவி. அது இந்த வெட்டுக்கொத்தையெல்லாம் ஒரு அலை என்று நம்பிச் சுழலும். பாடநூலில் இதற்குத் துடிப்பகலப் பண்பேற்றம் என்று பெயர். பட்டறையில் பி.டபிள்யூ.எம். என்போம்.

ஆளிகள் ஆறு, மேலே ஒன்று கீழே ஒன்றாக மூன்று சோடி. ஒரு சோடியில் மேலும் கீழும் ஒரே நேரத்தில் போடப்பட்டால் குறுஞ்சுற்று, அடுத்த கணம் வெடி. அதனால் ஒன்றை நிறுத்தி மற்றதைப் போடுவதற்கு இடையில் ஒரு சிறு இடைவெளி விடுவோம்: செக்கனின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. என் உத்தியோகம் முழுவதும் அந்த இடைவெளிக்குக் காவல் நின்றதுதான்.

தொடக்கத்தில் இதை ஒப்பிடும் சுற்றுகளை வைத்துச் செய்தோம். அவை மத்தியான வெக்கைக்கு வியர்த்து, காலையில் ஒரு வேகமும் பின்னேரம் ஒரு வேகமுமாக ஓடின. பிறகுதான் உள்ளே சுற்றையே எழுதிக்கொள்ளக்கூடிய சிப் வந்தது. அதற்குள் நான் ஒரு எண்ணியை எழுதினேன். பூச்சியத்திலிருந்து ஆயிரத்து இருநூற்றைம்பது வரை ஏறும், திரும்ப இறங்கும், மறுபடி ஏறும். போகும் வழியில் நாங்கள் கொடுத்த ஒரு எண்ணோடு தன்னை ஒப்பிட்டு, அதைத் தாண்டும் இடத்தில் ஆளியைப் போடும் அல்லது நிறுத்தும். வெயிலோ மழையோ, பிழைக்காமல் எண்ணும், முறைப்பாடும் சொல்லாது. என் வாழ்க்கையில் எனக்குப் பொருத்தமான தோழன் கிடைத்தது அப்போதுதான். மனைவி இதை வாசிக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அந்த எண்ணியும் ஒரு தரம் காலை வாரியது. கொழும்பில் ஒரு ஹோட்டலின் லிஃப்ற், மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் இடையில் எப்போதாவது ஒரு தரம் விக்கல் எடுக்கும். எப்போது என்று சொல்ல முடியாது. காரணம் தேடி அதற்குள்ளேயே ஒன்பது நாள் ஏறி இறங்கினேன். கல்யாணத்துக்கு வந்த ஒருவர் என்னை லிஃப்ற் இயக்குபவன் என்று நினைத்து இருபது ரூபா தந்தார். வாங்கினேன். கடைசியில் காரணம் இதுதான்: எண்ணி பாதி வழியில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒப்பிடவேண்டிய புதிய எண் உள்ளே வந்துவிட்டால், ஒரு துடிப்பு கூடுதலாகப் போய்விடும். புதிய எண்ணை வாசலில் காக்கவைத்து, எண்ணி திரும்பும் இடத்தில் மட்டும் உள்ளே விடும்படி எழுதினேன். விக்கல் நின்றது.

குருநகர் வெடிக்கு ஒன்பது வருடம் முன்பு கொம்பனி யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டறை திறந்தது. திறந்தவர் வதனி மிஸ். பருத்தித்துறைக்காரி, பொறியியலாளர், என்னைவிடப் பதினாறு வயது இளையவர். கொழும்பிலேயே வசதியாக இருந்திருக்கலாம். விடாப்பிடியாகத் தலைமையகத்தோடு மூன்று வருடம் வாதாடி, இங்கே ஒரு கிளை வேண்டும் என்று வாங்கினார். என்னை அவருக்குக் கீழே போட்டார்கள். முதல் மாதம் முழுக்க முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை என்பது இன்னும் எரிச்சல்.

மிஸ் குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இறங்கும். எவ்வளவு கோபமோ அவ்வளவு இறங்கும். திட்டு வாங்குவதற்காக நாங்கள் கிட்டப் போய்க் குனிந்து காதைக் கொடுக்கவேண்டும். இன்னொன்று: மின் பாயும் பெட்டியில் வேலை செய்யும்போது இடக்கை சட்டைப் பைக்குள் இருக்கவேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழைய பழக்கம்; இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். பெண்களின் சுரிதாரில் ஏது பை? மிஸ் தன் எல்லாச் சுரிதாருக்கும் இடப்பக்கம் ஒரு பை தைப்பித்து வைத்திருந்தார். பட்டுச் சுரிதாருக்கும்கூட.

பெட்டிக்கு மின் கொடுப்பதற்கு மிஸ் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார், ஏழு படி. மணிக்கூடும் மோதிரமும் கழற்று. கட்டுப்பாட்டுப் பலகைக்கு மட்டும் மின் கொடு. வாய்விட்டுப் பத்து எண்ணு. மின் துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்பைப் போட்டு ஆறு துடிப்பும் சரியா என்று பார். ஒரு குண்டு பல்ப்பைத் தொடுத்து, அதனூடாக ஆளிகளுக்குக் கொஞ்ச மின் கொடு. பல்ப் பிரகாசமாக எரிந்தால் ஓடித் தப்பு. பல்ப்பை எடுத்து முழு மின் கொடு. கடைசியாக மோட்டர். நிறுத்தும்போது இதே வரிசை தலைகீழாக. பட்டறையில் இதற்குப் பூசை என்று பெயர். எத்தனை அவசரம் என்றாலும் பூசையில் ஒரு படி தவறினால் மிஸ்ஸின் குரல் இறங்கும். ஏன் பத்து, ஏன் ஐந்து இல்லை என்று ஒரு தரம் கேட்டேன். "பத்து எண்ணினா ஆக்களின்ரை அவசரம் அடங்கும்," என்றார். எனக்கு எண்ணுவதில் ஆட்சேபம் இல்லாததால் அதற்கு மேல் கேட்கவில்லை.

குருநகர்ப் பெட்டி பகலில் வெயிலையும் இரவில் மின்சார சபையின் மின்னையும் தின்று ஐஸ் இயந்திரத்தை ஓட்டுவது. கூரையில் சோலார் தட்டுகள், அவற்றிலிருந்து நேரே ஆளிகளுக்கு மின். கட்டுப்பாட்டுப் பலகைக்கு மட்டும் எப்போதும் சபையின் மின். யூட்டுக்குப் பூசையை இயக்குபவருக்கு ஏற்றபடி சுருக்கிப் பழக்கினோம். மின் நின்றால் உடனே சோலார் பிரேக்கரை இறக்கவேண்டும். மின் வந்தால் பலகை விழிக்கட்டும், பத்து எண்ணு, பிறகு பிரேக்கரை ஏற்று. அதை அச்சிட்டு, பிளாஸ்ரிக் போட்டு, யூட்டிடம் கையெழுத்தும் வாங்கி, பெட்டிக் கதவில் ஒட்டினோம். பக்கத்தில் அவன் ஒரு அந்தோனியார் படம் ஒட்டினான். சங்கத்தார் ஃபாதரைக் கூப்பிட்டுப் பெட்டியை ஆசீர்வதிப்பித்தார்கள். எங்கள் பிள்ளைகள் போட்டிக்கு ஒரு தேங்காய் உடைத்தார்கள். இவ்வளவு பாதுகாப்போடு வேறெந்த இன்வேட்டரும் இந்த நாட்டில் வேலை தொடங்கியிருக்காது.

முதல் வெடிக்குப் பிறகு தலைமையகம் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. இயக்குபவர் ஒழுங்கு மாறிப் பிரேக்கரைப் போட்டுவிட்டார் என்றது. மிஸ்ஸும் அப்படித்தான் நினைத்தார். இரண்டாம் வெடிக்குப் பிறகு பணிப்பாளர் கொழும்பிலிருந்து எனக்கே அழைப்பு எடுத்தார். இயக்குபவரின் தவறு என்று ஒரு அறிக்கை வேண்டும், நான் மூத்தவன், என் கையெழுத்துக்கு மதிப்பிருக்கும், அதோடு கௌரவமாக ஓய்வு பெறலாம் என்றார். அப்போது எனக்கு ஆறு கிழமைதான் மிச்சம். சங்கம் அந்த வெள்ளிக்கிழமை கூடுகிறது. அறிக்கை வந்தால் யூட்டை நிறுத்துவது என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள்.

புதன்கிழமை யூட் பட்டறைக்கு வந்தான். சைக்கிளை நிறுத்தவில்லை, பிடித்துக்கொண்டே வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அண்ணை, உங்கடை ஏழு வரியும் எனக்குச் செபம் மாதிரிப் பாடம். நித்திரையிலை எழுப்பிக் கேளுங்கோ, சொல்லுவன்."

"உனக்கு ஏழு இல்லை, நாலுதான்," என்றேன்.

"அந்த நாலும்தான். நான் கதிரையிலை இருந்தனான். லைட் ஒருக்காச் சிமிட்டிச்சுது. நான் எழும்ப முந்தியே அடிச்சிட்டுது. உதுக்கு மேலை சொல்ல என்னட்டை ஒண்டும் இல்லை."

அவன் போய்விட்டான். நான் பேனாவைத் திறந்து அறிக்கைக்குத் தலைப்புப் போட்டேன். அப்போதுதான் அந்தச் சிமிட்டல் எனக்கும் நினைவுக்கு வந்தது. கக்கூசிலும் ஒரு பல்ப் இருக்கிறது. அங்கே இருக்கும்போது நான் எண்ணிக்கொண்டிருப்பேன். டொக்டர் அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பதினேழில் பல்ப் அணைந்தது. பதினெட்டில் வந்தது. பத்தொன்பது சொல்வதற்குள் வெடித்தது. யூட்டின் கதிரையிலிருந்து பிரேக்கருக்கு ஏழடி தூரம். எழும்பி, நடந்து, இறக்கி, திரும்ப ஏற்றுவதற்கு ஒரு செக்கன் எவனுக்கும் காணாது. நல்ல சாட்சிதான்; ஆனால் எங்கே இருந்து பார்த்தீர்கள் என்று கேட்டால் கொம்பனியின் கடிதத் தாளில் என்ன எழுதுவது?

அப்படியானால் பெட்டி. பெட்டி என்றால் நான் எழுதிய சிப்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் வழமையாகப் பாவித்த சிப்பின் உற்பத்தி நின்றுபோய், அதற்குப் பதில் புதிய சிப் ஒன்றுக்கு மாறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் எண்ணியை அப்படியே அதற்குள் கொண்டுபோனேன். கணினியில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு துடிப்பும் பிசகவில்லை. பட்டறையில் பூசை செய்து ஓட்டினோம், பிசகவில்லை. இப்போது திரும்பவும் வரிவரியாகப் பார்த்தேன். இடைவெளி இருந்தது. எங்குமே மேல் ஆளியும் கீழ் ஆளியும் ஒன்றாகப் போடப்படவில்லை.

அன்று பின்னேரம் மிஸ் ஊருக்குப் போயிருந்தார். ஆளிகள் எதையும் தொடுக்காமல் வெறும் பலகையை மேசையில் வைத்து, மேல் ஆளிக்கும் கீழ் ஆளிக்கும் போகும் கட்டளைக் கம்பிகளில் ஸ்கோப்பை மாட்டினேன். பூசையில் ஸ்கோப் நாலாவது படி. பலகைக்கு மின் கொடுத்து, பத்து எண்ணிய பிறகுதான் அதைப் போடுவோம். நான் முதலில் ஸ்கோப்பைப் போட்டுவிட்டு, அதன் பிறகு பலகைக்கு மின் கொடுத்தேன். ஒன்பது வருடத்தில் அந்தப் பட்டறையில் ஒருவரும் அப்படிச் செய்ததில்லை.

இரண்டு கோடுகளும் ஒன்றாக மேலே ஏறின. ஏறி நின்றன. நூற்றெழுபது மில்லிசெக்கன் கழித்து ஒன்றாக விழுந்தன. அதன் பிறகு என் எண்ணி ஒழுங்கு தவறாமல் வேலையைத் தொடங்கியது.

விடயம் இவ்வளவுதான். பழைய சிப் தன் சுற்றைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. மின் வந்த கணத்திலேயே தான் யார் என்று அதற்குத் தெரியும். புதியது மின் நின்றால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மின் வந்ததும் பக்கத்து நினைவகத்திலிருந்து தன் சுற்றை ஒவ்வொன்றாக வாசித்து ஏற்றவேண்டும். அதுவரை அதன் கால்கள் எல்லாம் மெல்லிதாக மேல் நோக்கி இழுக்கப்பட்டிருக்கும். மேல் என்றால் எங்கள் ஆளிகளுக்குப் போடு என்று அர்த்தம். ஆறு ஆளியும் ஒன்றாகப் போட்டபடி நிற்கும். நான் எழுதியதில் பிழை இல்லை. நான் எழுதியது அப்போது அங்கே இல்லவே இல்லை. செக்கனின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்குக்குக் காவல் நின்ற எனக்கு முன்னால், அதைப்போல எண்பத்தையாயிரம் மடங்கு நேரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து போயிருக்கிறது.

பட்டறையில் இது தெரியவராததற்குக் காரணம் பூசை. நாங்கள் பத்து எண்ணி முடிப்பதற்குள் சிப் ஐம்பது தரம் விழித்திருக்கும். ஐஸ் தொழிற்சாலையிலும் நீண்ட மின்வெட்டு என்றால் யூட் பிரேக்கரை இறக்கிவிடுவான். இரவில் மின் சிமிட்டினால் தேங்கி நிற்கும் மின்னை ஒரு தடையி உடனே வடித்துவிடும். நல்ல வெயிலில் சிமிட்டினால்தான் தட்டுகள் நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டிருக்கும். அப்படி அமைந்தது இரண்டே இரண்டு தரம்.

மறுநாள் காலை மிஸ்ஸுக்குக் காட்டினேன். திரும்பக் காட்டச் சொன்னார். மூன்றாம் தரமும் காட்டச் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. திட்டப்போகிறார் என்று பழக்கத்தில் குனிந்தேன்.

"நான் பத்து எண்ண வைச்சபடியாலைதான் உது எங்கடை கண்ணிலை படேல்லை, சபா அண்ணை."

"எண்ணாமல் விட்டிருந்தா பட்டறையோடை எங்களையும் எரிச்சிருக்கும், மிஸ்."

மிஸ் கொழும்புக்கு அழைப்பு எடுத்தார். பணிப்பாளர் அமைதியாகக் கேட்டார். அடுத்த பலகையில் சத்தமில்லாமல் திருத்துங்கள், அறிக்கை முன்பு சொன்னபடியே இருக்கட்டும் என்றார். கையெழுத்து வைத்த இயக்குபவர் ஒருவர் இருக்கும்போது கொம்பனி ஏன் குற்றத்தை ஏற்கவேண்டும்? ஏற்றால் இரண்டு வெடியின் சேதமும் யாழ்ப்பாணக் கிளையின் கணக்கில்தான் விழும், கிளையைப் பற்றியே மீண்டும் யோசிக்கவேண்டி வரும் என்றார்.

மிஸ் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் கையெழுத்து வைக்கப் போறீங்களோ?"

"எனக்கு ஆறு கிழமை. என்னை என்ன செய்யப் போறாங்கள்? உங்களைத்தான் செய்வாங்கள்."

"அப்ப நான்தான் யோசிக்கவேணும்," என்று ஒரு கச்சான் பைக்கற்றைப் பிரித்தார். ஒவ்வொரு கடலையாகச் சாப்பிட்டார். நான் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டுக் கடலை. பிறகு கையைத் தட்டிவிட்டு, "சங்கத்துக்குப் போவம்," என்றார்.

சங்கத் தலைவர் செபமாலை ஐயா, எழுபது வயது, கடலில் நாற்பது வருடம் போய்வந்தவர். ஸ்கோப்பைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து இரண்டு கோட்டையும் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்தார்.

"பிள்ளை, பெட்டி வெடிச்சது உங்கடை. கோடு காட்டுற பெட்டியும் உங்கடை. நீங்கள் என்ன கோடும் கீறிக் காட்டலாம். எங்கடை ஆளிலை பிழையில்லை எண்டு நீங்களே வந்து சொல்லுறீங்கள். உலகத்திலை எந்தக் கொம்பனி உப்பிடிச் சொல்லும்? உதிலை ஏதோ சூழ்ச்சி இருக்கு."

உண்மை சொன்னால் நம்புவார்கள் என்று நாங்கள் நினைத்துப் போனோம். குற்றத்தை ஏற்கப்போன இடத்தில் திருடர்களாக நின்றோம். என்னதான் செய்தால் நம்புவீர்கள் என்று மிஸ் கேட்டார். "எங்களுக்கு முன்னாலை, யூட் தொடாமல், உது வெடிக்கட்டும். பாப்பம்," என்றார் செபமாலை ஐயா. அதுவரைக்கும் யூட்டின் விடயத்தைத் தள்ளி வைப்பதாகச் சொன்னார். ஒரு மாதத்துக்கு மேல் தள்ள முடியாது என்றும் சொன்னார்.

வெடிப்பதற்கு ஒரு மொடியூல் வேண்டும். ஆளிகள் எல்லாம் உள்ளே அடங்கிய கட்டை அது. வேண்டுமென்று வெடிக்கவைக்கத் தலைமையகத்திடம் ஒன்று கேட்க முடியுமா? நானே கொழும்பில் ஒரு கடையில் வாங்கி, பஸ்ஸில் பார்சல் போடச் சொன்னேன். மிஸ்ஸிடம் என் அலுமாரியில் ஒன்று கிடந்தது என்றேன். அவர் நம்பினாரோ தெரியாது, கேட்கவில்லை. திருத்தம் எதுவும் செய்யாத அதே பழைய பலகையோடு அதைப் பூட்டினோம்.

பிறகு வானம் எங்களோடு விளையாடியது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. குறித்த நாளில் சங்கத்தார் ஒன்பது பேரும் வந்தார்கள், மழை. இரண்டாம் தரமும் வந்தார்கள், முகில் மூடிய மப்பு. கூரைத் தட்டுகளில் ஒரு பல்ப் கொளுத்தவும் மின் இல்லை. மழைக்கு நேர்ந்துகொள்ளும் ஊரில் வெயிலுக்கு நேர்ந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். "இன்னும் ரெண்டு நாளிலை நான் முடிவு சொல்லவேணும்," என்றார் செபமாலை ஐயா, கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாம் தரம் காலையிலும் மப்புத்தான். பதினொரு மணிக்குப் பிறகு கடற்பக்கம் முகில் கிழிந்து, வெயில் சுரீரென்று விழுந்தது. எல்லோரையும் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கவைத்தோம். யூட் முறைப்படி எல்லாம் செய்தான்: பலகைக்கு மின், வாய்விட்டுப் பத்து, பிரேக்கர். ஐஸ் இயந்திரம் உறுமி ஓடத் தொடங்கியது. பிறகு அவன் பத்தடி பின்னால் போய், எல்லோரும் பார்க்க இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு நின்றான். பூசையில் அப்பத்தை உயர்த்தும் ஃபாதரைப்போல அப்படியே அசையாமல் நின்றான்.

சபை மின் வரும் பிரதான ஆளியில் கை வைத்தவர் மிஸ். வலக்கை ஆளியில், இடக்கை பைக்குள். நான் என்னை அறியாமல் ஒன்று, இரண்டு என்று தொடங்கிவிட்டேன்.

"எண்ணாதேங்கோ, அண்ணை," என்றார் மிஸ்.

நிறுத்தினார். போட்டார்.

சத்தம் கேட்டபோது நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தேன்; அப்படியும் ஒரு நாள் முழுக்கக் காது இரைந்தது. பெட்டியின் கதவு திறந்து, புகை கூரைவரை போனது. அந்தோனியார் படத்தின் ஒரு மூலை கருகியது. யூட்டின் கைகள் இன்னும் மேலேதான் இருந்தன. இறக்கலாம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

செபமாலை ஐயா புகை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யூட், கையை இறக்கு. பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டிய ஆள் நீ இல்லை," என்றார். எங்களைப் பார்த்து, "உந்தப் பெட்டியை மற்றச் சங்கங்களுக்கும் விக்கிற எண்ணம் இருந்தா, முதல்லை உதைத் திருத்துங்கோ," என்றார். அதில் வேண்டாம் என்ற சொல் இல்லை என்பதை மிஸ் கவனித்தார். நானும் கவனித்தேன்.

திருத்தம் ஒரு பின்னேர வேலை. ஆறு கட்டளைக் கம்பியையும் கீழே இழுத்துப் பிடிக்க ஆறு சிறிய தடையிகள். அதோடு, சிப் விழித்துவிட்டேன் என்று சொல்லும்வரை ஆளிகளுக்கு ஒரு கட்டளையும் போகாதபடி ஒரு கதவு. தலைமையகத்தின் சேமிப்பில் கிடந்த மொடியூல் ஒன்றை மிஸ் வாதாடி வாங்கிப் பூட்டினார். அடுத்த வெயிலில் செபமாலை ஐயாவே பிரதான ஆளியைப் பிடித்து, நாற்பது தரம் போட்டு நிறுத்தினார். சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டார். ஒன்றும் நடக்கவில்லை. யூட் இன்றைக்கும் அங்கேதான் வேலை செய்கிறான்.

அறிக்கையை மிஸ் தன் பெயரில் எழுதினார். கிளை மூடப்படவில்லை, ஆனால் மிஸ்ஸுக்கு அந்த வருடச் சம்பள உயர்வு கிடைக்கவில்லை. நான் குறித்த நாளில் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், ஒரு சுவர் மணிக்கூடு தந்தார்கள். அது நாளுக்கு நாலு நிமிடம் பிந்துகிறது.

மொடியூலின் பற்றுச்சீட்டைத் தலைமையகத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். ஊழியர் தெரிந்தே ஏற்படுத்திய சேதத்துக்குக் கொம்பனி பணம் தருவதில்லை என்று நாலு வரியில் பதில் வந்தது. சட்டப்படி அவர்கள் சொல்வது சரி; தெரிந்துதான் செய்தேன். மிஸ் எப்படியோ விலையை அறிந்து பாதியைத் தர வந்தார். உங்களுக்குக் கிடைக்காத சம்பள உயர்வையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நான்தான் உங்களுக்குத் தரவேண்டி வரும், பேசாமல் போங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

யூட் ஒரு நாள் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தான். இந்தத் தரம் உள்ளே வந்தான். வெள்ளை நுரை ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸ், அதற்குள் இரண்டு பெரிய பாரை மீன். அதன் விலையைச் செலவிலிருந்து கழிக்கலாம் என்று நான் கணக்குப் போடத் தொடங்கும்போதே, மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்துக் கந்தசட்டி விரதத்தில் மீனை வீட்டுக்குள் விட்டவன் யார் என்று கேட்டாள். மீன் பக்கத்து வீட்டுக்குப் போனது. கழிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. மொடியூல், பஸ் பார்சல், கூட எரிந்துபோன மூன்று ஃபியூஸ், ஆக மொத்தம் எழுபத்திரண்டாயிரத்து ஐந்நூற்றைம்பது ரூபா.